பின்கட்டுக் குரல்

கறிக்கடைக்காரருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று கடைக்குரல். தெருமுனை வரைக்கும் கேட்கும். எலும்பைக் கழி, கொழுப்பைக் குறை என்று வருகிறவர்களை அந்தக் குரலில்தான் அவர் வாங்கு வாங்கென்று வாங்குவார். வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மறுநாளும் முணுமுணுத்தபடி வந்து நிற்பார்கள், கறி அப்படி. வீட்டிலும் அதே குரல்தான். "ஏய் எருமை, இன்னும் எந்திரிக்கலையா நீ" என்று அவர் கத்தினால் அது மகளைக் கொஞ்சுவது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகளும் சளைத்தவள் இல்லை. "நீதான் எருமை, நீதான் கடா" என்று போர்வைக்குள் இருந்தே பதில் வரும். பிறந்தபோது கறுப்பாக, கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தாள் என்று அவளை மிளகு என்று கூப்பிட்டார்கள். ஆறு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை, காரமும் குறையவில்லை.

இன்னொரு குரல் பின்கட்டுக்கு மட்டும். கடையை ஒட்டி வீடு, வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு பூசிய முற்றம். விடிந்தும் விடியாததுமாக ஆடு அறுப்பது அங்கேதான். மற்ற கடைக்காரர்கள் நாலு காலையும் கட்டித் தள்ளுவார்கள். இவர் கயிற்றைத் தொடமாட்டார். ஆட்டை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, வலது கையால் முதுகைத் தடவிக்கொண்டே பேசுவார். "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல, ஆச்சு, இதோ ஆச்சு" என்று அடித்தொண்டையில் இருந்து வெல்லப்பாகு மாதிரி ஒரு குரல் வரும். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒரு குரலை அவர் பெண்டாட்டி கேட்டதில்லை. ஆடு முதலில் திமிறும். கொஞ்ச நேரத்தில் அதன் உடம்பு தளர்ந்து அவர் தொடைமேல் சாய்ந்துவிடும். அந்தத் தளர்ச்சி வரும்வரை அவர் கத்தியை எடுக்கமாட்டார். பயந்த ஆட்டுக் கறி எத்தனை நேரம் அடுப்பில் கிடந்தாலும் வேகாது என்பது அவர் கட்சி. தொழிலைச் சுத்தமாகச் செய்கிறோம் என்று அதில் அவருக்கு ஒரு மிதப்பும் இருந்தது.

மிளகுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குணப்படுத்தக்கூடிய வகைதான், ஆனால் நீண்ட வைத்தியம் என்றார்கள். நரம்பில் மருந்து ஏறுவதை அவள் பொறுத்துக்கொண்டாள். வாந்தியைப் பொறுத்துக்கொண்டாள். முடி கொட்டியபோது, "இப்ப நான் உன்னாட்டம் மொட்டை" என்று அப்பாவின் வழுக்கையைத் தட்டிச் சிரித்தாள். அவளால் பொறுக்க முடியாதது வார்டின் கோடியில் பச்சைக் கதவு போட்டிருந்த ஊசி அறைதான். தலைக்குள் நோய் போய்விடாமலிருக்க முதுகுத் தண்டில் ஊசி குத்தி மருந்து விடுவதும், நோய் அடங்குகிறதா என்று பார்க்க இடுப்பெலும்பைத் துளைத்து மஜ்ஜையை உறிஞ்சுவதும் அங்கே நடக்கும். தோல் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி உண்டு. தோல் மரத்துவிடும், எலும்பு மரப்பதில்லை. உறிஞ்சுகிற நேரத்தில் வருகிற வலி எப்படிப்பட்டது என்று பெரியவர்கள் யாருக்கும் தெரியாது, குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது.

முதல் தடவை அம்மாதான் உள்ளே போனாள். ஃபோட்டோ எடுக்கப் போகிறோம், கண்ணை மூடிக்கொண்டு படுத்தால் முடிந்தது என்று மகளிடம் சொல்லி அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரியில் எல்லாத் தாய்மார்களும் இப்படி ஏதாவது ஒரு பொய்யை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்கள். பச்சைக் கதவைத் தாண்டி வெளியே கேட்ட கத்தல் வார்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்றக் குழந்தைகளின் கைகளைத் தட்டிலேயே நிறுத்தி வைத்தது. வெளியே வந்த அம்மாவின் ரவிக்கை தோள்பக்கம் கிழிந்திருந்தது. இனிமேல் என்னால் முடியாது என்று அவள் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த தடவை வார்டு ஆயா பிடித்தாள். வாட்டசாட்டமான பொம்பளை. அவள் கையையே மிளகு கடித்துவிட்டாள். ஊசி இடம் தவறி, எடுத்துக் குத்தி, மறுபடியும் எடுத்துக் குத்தி, கடைசியில் சொட்டிய முதுகுத்தண்டு நீரில் ரத்தம் கலந்திருந்தது. முடிந்ததும் நர்ஸ் ஒரு கையுறையை ஊதி, பேனாவால் கண்ணும் மூக்கும் போட்டுக் கொடுத்தாள். அந்த ஐந்து விரல் பலூனைப் பார்த்து மிளகு மறுபடியும் அலறினாள். அந்த வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கம்பியிலும் அப்படி ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

அதற்கடுத்த தடவைதான் கறிக்கடைக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். இளம் டாக்டரம்மா ஒருத்தி, தூக்கமில்லாத கண்கள். என்ன தொழில் என்று விசாரித்தாள், பதிலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நீங்க ஆட்டையே அடக்குற ஆளு. உங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?"

நர்ஸ் சிரித்தாள், ஆயா சிரித்தாள், மரியாதைக்கு அவரும் சிரித்துத் தொலைத்தார். மகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்கால் நெஞ்சில் இடிக்க, தாடை முழங்காலில் இடிக்க வளைத்துப் பிடிக்க வேண்டும். முதுகெலும்புகள் அப்போதுதான் விரிந்து ஊசிக்கு வழிவிடும். அவருக்கு இதை யாரும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கை முழங்கால் மடிப்பில் போயிற்று, ஒரு கை பிடரியில் போயிற்று. மகள் திமிறியபோது அவர் வாயிலிருந்து தானாக அது வந்தது.

"ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல, ஆச்சு, இதோ ஆச்சு."

மிளகு ஒரு கணம் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு திமிறுவதை நிறுத்தினாள். ஒரே குத்தில் தண்ணீர் மாதிரித் தெளிவாக நீர் சொட்டியது. எனக்கு இதுவரைக்கும் இப்படி ஒரு பிடி கிடைத்ததே இல்லை என்று டாக்டரம்மா சொன்னாள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை இங்கே மறைத்துப் பிரயோஜனமில்லை. அன்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து, டாக்டர்களால் முடியாததை நான் முடித்தேன் என்று அவர் கதை அளந்தார். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். தன் குழந்தையை அமுக்கிப் பிடித்ததற்கு ஒரு மனிதனுக்கு ஓசி டீ கிடைத்தது, அவரும் அதை உறிஞ்சிக் குடித்தார்.

அதன் பிறகு வார்டில் அவர் பெயர் பரவிவிட்டது. அடுத்த கட்டில் பையனைப் பிடிக்க முடியவில்லை, கொஞ்சம் வாங்களேன் என்றார்கள். ஜன்னலோரத்துக் குட்டிப்பெண்ணுக்கு இன்றைக்கு மஜ்ஜை எடுக்கிறார்கள், அவள் அப்பா மயங்கி விழுகிற ஆள், நீங்க வந்தா நல்லது என்றார்கள். மிளகுக்கு ஊசி இல்லாத நாளில்கூட நர்ஸ் கடைக்குப் போன் செய்தாள். அவர் கறி வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, உதவிக்கு இருந்த மச்சானிடம் கடையை விட்டுவிட்டு ஓடினார். புண்ணியம் செய்கிறோம் என்று நினைத்தார். தாய்மார்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குழந்தைகள் அவரைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போனார்கள். கும்பிட்டது அவர் கண்ணில் பட்டது. கட்டிலுக்கு அடியில் போனது படவில்லை.

மிளகு மட்டும் எங்கேயும் ஒளியவில்லை. அவள் அழுவதையே விட்டுவிட்டாள். பச்சைக் கதவுக்குத் தானாக நடந்து போய், மேஜையில் ஏறி, யாரும் சொல்லாமலே சுருண்டு படுத்தாள். எவ்வளவு சமத்து பாருங்கள் என்று மற்றக் குழந்தைகளுக்கு அவளைக் காட்டினார்கள். அவர் கையைப் போட்டதும் அவள் உடம்பு தளர்ந்து அவர்மேல் சாய்ந்துவிடும். ஊசி இறங்கும்போது கால் கட்டைவிரல் மட்டும் ஒருதரம் வெட்டும். அந்தத் தளர்ச்சியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவருக்குள் ஏதோ உறுத்தியது. உறுத்தியதை அவர் உட்கார்ந்து யோசிக்கவில்லை, யோசித்தால் கடை ஓடுமா.

வீட்டில்தான் எல்லாம் கோணலாகப் போயிற்று. அவர் ஊட்டினால் மிளகு வாயைத் திறப்பாள், மெல்லமாட்டாள். சோறு கன்னத்தில் அடைந்து கிடக்கும், அவர் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுவாள். அவர் வேலை முடிந்து உள்ளே வந்தால் அவள் விளையாட்டுச் சாமான்களை ஓசைப்படாமல் எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்துகொள்வாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ திரும்புகிற மூலை வந்ததும் உட்கார்ந்தபடியே உடையில் மூத்திரம் போய்விடுவாள். எருமை என்று கூப்பிட்டாலும் எதிர்ப்பேச்சு இல்லை. நோய் செய்கிற வேலை, மருந்து செய்கிற வேலை என்று அவர் சொன்னார். பெண்டாட்டி ஈர உடையை அலசிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் பக்கத்துத் தெரு வாத்தியாரம்மா கடைக்கு வந்தாள். மகளுக்குத் தெம்புக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று உருக்கமாக விசாரித்துவிட்டு, அதே மூச்சில் எலும்பு கேட்டாள். "மஜ்ஜை நல்லா வெளிய வர்றாப்புல தட்டிக் குடுங்க. உறிஞ்சினா அப்படியே வழுக்கிக்கிட்டு வரணும், பிள்ளைங்களுக்கு அதுதான் உசுரு." அவர் எலும்பைக் கட்டையில் வைத்துக் கத்தியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினார். பிளந்த இடத்தில் சிவந்த கொழகொழப்பு பிதுங்கியது. முந்தின நாள் அவர் பிடித்த இன்னொரு பிள்ளையிடமிருந்து டாக்டரம்மாவின் ஊசிக்குழாயில் ஏறியதும் அதே நிறம்தான்.  அவர் வாத்தியாரம்மா முன்னாலேயே கழிவு வாளியில் குனிந்து வாந்தி எடுத்தார். கறிக்கடையில் கறிக்கடைக்காரரே வாந்தி எடுத்தால் யார் வாங்குவார்கள்? அந்தம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவருக்குக் கட்டையும் கத்தியும் ஈ மொய்த்த திரையும் தன் விரலிடுக்கில் காய்ந்த பிசுக்கும் எல்லாமே சகிக்கவில்லை. எத்தனை தடவை கழுவினாலும் கையில் ஸ்பிரிட் நாற்றமும் ரத்த நாற்றமும் சேர்ந்து அடித்தன. எது எங்கேயிருந்து வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

அன்றைக்கு மிளகுக்கு ஊசி நாள். வாந்தி வராமலிருக்க, எப்போதும்போல் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வார்டில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான், நாலு வயது இருக்கும். அவன் அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் கை கழுவிக்கொண்டு தடுப்புத் திரைக்கு இந்தப் பக்கம் வந்தபோது அந்தப் பக்கத்தில் மிளகு பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அவர் ஆசையோடு நின்றார்.

"வலிக்குமான்னு கேக்காத. ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாங்க. எங்கப்பாதான் வந்து பிடிக்கும். எங்கப்பா பிடிச்சா நகரவே முடியாது. நீ கத்தாத, உதைக்காத. செத்துப்போன மாதிரி படுத்துக்கோ. அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்."

"உங்கப்பா அடிக்குமா?" என்று பையன் கேட்டான்.

"அடிக்காது. கண்ணுன்னு சொல்லும். பின்கட்டுல ஆட்டுக்கிட்ட அப்படித்தான் சொல்லும். நான் கதவு ஓட்டை வழியா பார்த்திருக்கேன். கண்ணுன்னு சொன்னா அப்புறம் கத்திதான்."

அவர் அந்த இடத்திலேயே நின்றார். முதல் தடவை பிடித்தபோது மகள் தலையைத் திருப்பிப் பார்த்தாளே, அது எதற்கு என்று இப்போது விளங்கியது. அவள் சமத்தாகவில்லை. ஆடு சாய்வது போலச் சாய்ந்திருக்கிறாள். தன் மகள் தன் தொடைமேல் தன் கத்திக்குக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், அதற்கு அவர் டீ வாங்கிக் குடித்திருக்கிறார். தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

நேரே நர்ஸிடம் போனார். பெரிய ஆபரேஷனுக்கெல்லாம் தூங்கவைக்கிறீர்களே, இந்தக் குழந்தைகளையும் கொஞ்ச நேரம் தூங்கவைத்துச் செய்ய முடியாதா என்று கேட்டார். முடியாமல் என்ன, மயக்க டாக்டர் வர வேண்டும், அவர் ஆபரேஷன் பக்கம் இருப்பார், வரச் சொல்லிக் காத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். கெட்டவள் இல்லை அவள். வார்டு முழுக்க அவள் ஒருத்திதான் ஓடிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியெல்லாம் ரெண்டு மூணு தடவை பிடிச்சுப் பார்த்தும் முடியாத பிள்ளைகளுக்கு அவரைக் கூப்பிடுறதுதான். இப்பத்தான் நீங்க வந்துட்டீங்களே. நீங்க பிடிச்சா ரெண்டு நிமிஷ வேலை, அதுக்கு எதுக்கு அவரைத் தொந்தரவு பண்ணணும்?"

அவர் அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டார். ஜன்னலோரத்துக் குட்டிப்பெண், அடுத்த கட்டில் பையன், இவர் ஓடி ஓடிப் பிடித்த ஒவ்வொரு பிள்ளையும் தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில் விழித்துக்கொண்டு குத்து வாங்கியிருக்கிறது. இவர் கை அவ்வளவு நல்ல கை. புண்ணியமாம், புண்ணியம்.

"இன்னைக்கு நான் பிடிக்க மாட்டேன் சிஸ்டர்," என்றார். "என் பிள்ளையையும் பிடிக்க மாட்டேன், யார் பிள்ளையையும் பிடிக்க மாட்டேன். மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க. எம்புட்டு நேரமானாலும் உக்காந்திருக்கோம்."

டாக்டரம்மா வந்தாள். இத்தனை நாள் நல்லாத்தானே போயிற்று, திடீரென்று என்ன என்றாள். ஊசி தள்ளிப்போனால் நோய் தலைதூக்கும், அப்புறம் என்னைக் கேட்கக்கூடாது என்றாள். அது அவரை உலுக்கியது. பெண்டாட்டி அவர் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அவங்களை முறைச்சுக்கிட்டா நம்ம பிள்ளைக்குத்தான் கஷ்டம். ஒரு தடவை பிடிச்சு முடிச்சிருங்களேன். அவதான் சும்மா படுத்துக்குறாளே."

"அதாண்டி. அவ சும்மா படுத்துக்குறா," என்றார்.  அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சட்டையை விட்டாள். பிறகு அவளே திரும்பி டாக்டரம்மாவிடம் போய், நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொன்னாள்.

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. பினாயில் விட்டுத் துடைத்த தரை காய்ந்து இன்னும் மோசமாக நாறியது. புதுப் பையனின் அம்மா வந்து அவர் காலடியில் உட்கார்ந்து, என் பிள்ளைக்கு மட்டும் பிடித்துவிடுங்கள் அண்ணே, கோடிப் புண்ணியம் என்றாள். நீயும் காத்திரு தங்கச்சி, அவனையும் தூங்கவைக்கச் சொல்லு என்றார் அவர். அவளுக்குக் கோபம் வந்தது. உங்கள் பிள்ளைக்கு என்றால் ஓடி வருவீர்கள், எங்கள் பிள்ளைக்கு என்றால் சாக்குச் சொல்வீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். பேசி முடித்துவிட்டுப் பையனை மடியில் போட்டுக்கொண்டு அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

பசி மிளகைத் தின்றது. தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்றிருந்தார்கள். பச்சைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் அவள் பல் கிட்டித்தது. அவர் தாங்க முடியாமல் அவளை அணைத்தார்.

"ஒண்ணுமில்லடா கண்ணு..."

அவர் மடியில் அவள் உடம்பு தளர்ந்தது. தலை அவர் தொடைமேல் சாய்ந்தது. அவர் சூடு பட்டவர்போல் கையை எடுத்துக்கொண்டார்.  பிறகு மிளகு தலையைத் தூக்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அப்படிப் பேசாத."

"சரி. பேசலை."

"என்னைத் திட்டு."

"என்ன?"

"கடையில திட்டுவியே, அப்படித் திட்டுப்பா."

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் தொண்டையைச் செருமினார். முதலில் காற்றுதான் வந்தது.

"ஏய் எருமை," என்றார்.

மிளகு காத்திருந்தாள்.

"ஏய் எருமை, எம்புட்டு நேரமா என் தொடைமேல படுத்துக்கிட்டிருக்க, என் தொடை என்ன உங்கப்பன் வீட்டுக் கட்டிலா? எந்திரி. எலும்புல கறி இல்லைன்னு சொல்லுற மூஞ்சியைப் பாரு. கறி மட்டும் வேணும்னா எலும்பில்லாத ஆடா பார்த்து வளர்த்துக் கொண்டா, நான் அறுத்துத் தாரேன்."

குரல் தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் போயிற்று. வார்டுக்குள் கட்டிலுக்கு அடியில் இருந்த ஒன்றிரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரி, சத்தம் போடக்கூடாது என்றாள். மிளகு தலையைத் தூக்கினாள்.

"நீ நேத்துக் குடுத்தது பூரா கொழுப்பு," என்றாள். சன்னமான குரல்தான்.

"கொழுப்பு உனக்குத்தாண்டி."

"உனக்குத்தான். நீதான் கடா."

மயக்க டாக்டர் வந்தபோது உச்சி சாய்ந்திருந்தது. சட்டையை மடித்துவிட்ட, அலுத்துப்போன ஆசாமி. இவ்வளவு பிள்ளைகளுக்கு விழித்திருக்கும்போதே இங்கே ஊசி நடக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டார். "எனக்கு யாரும் சொல்லவே இல்லையே. கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே," என்றார். அவர் பாட்டுக்கு ஊசிக்குழாயில் மருந்தை உறிஞ்சிக்கொண்டே சொன்ன சாதாரணப் பேச்சு. நர்ஸ் தரையைப் பார்த்தாள். டாக்டரம்மா கையுறையை மாட்டுவதில் மும்முரமானாள். கறிக்கடைக்காரருக்கு அந்த அறையில் இருந்த எல்லோர் மேலும் குமட்டிக்கொண்டு வந்தது, முதலில் தன்மேல்.

மிளகு அன்றைக்குப் பச்சைக் கதவுக்குத் தானாக நடக்கவில்லை. அவர் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் கத்தினாள். வார்டே அதிரக் கத்தினாள். அவர் வயிற்றில் எட்டி உதைத்தாள், காதைப் பிடித்துத் திருகினாள், வேண்டாம் வேண்டாம் என்று சட்டைப் பொத்தானைப் பிய்த்தாள். பழக்கத்தில் அவருடைய ஒரு கை முழங்கால் மடிப்பைத் தேடிப் போயிற்று. அதை அவர் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் முதுகில் சும்மா வைத்தார்.

"கொஞ்சம் அடக்குங்க," என்றாள் ஆயா.

"கத்தட்டும்," என்றார் அவர். "அவ கத்தட்டும்."

கையில் ஏற்கெனவே பொருத்தியிருந்த குழாய் வழியாக மருந்து போனது. பாதிக் கத்தலில் வாய் திறந்தபடி நின்றது. கண் சொருகியது. உதைத்துக்கொண்டிருந்த கால் தொங்கியது. உடம்பு முழுக்கத் தளர்ந்து அவர்மேல் சாய்ந்தாள். அவர் கைகளுக்கு நன்றாகத் தெரிந்த அதே கனம். அந்தக் கனம் வந்ததும் அவர் நாக்கு அதுவாகவே அசைந்து, ஆச்சு என்று தொடங்கப் பார்த்தது. அவர் பல்லால் நாக்கைக் கடித்தார். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

அவளை மேஜையில் கிடத்திவிட்டுக் காதருகே குனிந்தார். தூங்குகிற பிள்ளை, காதில் விழாது, நீங்கள் வெளியே போகலாம் என்று மயக்க டாக்டர் சொன்னார்.

"ஏய் எருமை," என்று கடைக்குரலில் கத்தினார் கறிக்கடைக்காரர். "சீக்கிரம் எந்திரிச்சு வா. வந்து இன்னும் ரெண்டு உதை குடு."